வீணைக்கு வாய் எங்கே? பிக்கப் வாங்கும் முன் ஒரு கேள்வி

முசிறி என்றதும் சங்கீதம் கேட்கிறவர்களுக்கு ஒரு குரல்தான் நினைவுக்கு வரும். 1899-ல் அந்தப் பக்கத்துப் பொம்மலப்பாளையத்தில் பிறந்து, ஊர்ப்பெயரைத் தன் பெயராகவே ஆக்கிக்கொண்ட சுப்பிரமணிய ஐயரின் குரல். மைக் இல்லாத காலத்தில் மேடை ஏறியவர், மைக் வந்த பிறகும் பாடியவர்.

பாடகர்களுக்கு அந்த மாற்றம் பெரிய சிக்கலாக இல்லை. சத்தம் வருகிற இடம் ஒன்றே ஒன்று, வாய். அதற்கு எதிரே மைக்கை நிறுத்தினால் வேலை முடிந்தது. கடைசி வரிசைக்காரருக்குக் கேட்க வேண்டுமே என்று உச்ச சுருதியில் தொண்டையைக் கிழித்துக்கொள்ளும் தேவையும் குறைந்துபோனது.

வீணைக்கு வாய் எங்கே இருக்கிறது?

தந்தியை மீட்டினால் அதிர்வு முதலில் குதிரைக்கு இறங்குகிறது. குதிரையிலிருந்து குடத்தை மூடியிருக்கும் பலகைக்கு. பலகையிலிருந்து குடத்துக்குள் அடைபட்டிருக்கும் காற்றுக்கு. தண்டிக்கும் கொஞ்சம் போகிறது. ஆக, பலகை முழுவதுமே வாய். அதிலும் மெல்லப் பேசுகிற வாய்.

நவராத்திரி வந்தால் இந்தச் சிக்கல் முசிறி மாதிரியான ஊர்களில் கண்ணெதிரே நடக்கும். கோயில் மண்டபத்தில் கொலு. மேடையில் ஒரு பெண் வீணையோடு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் மிருதங்கம், கடம். மைக் செட்காரர் குடத்துக்கு எதிரே ஒரு மைக்கைச் சாய்த்து வைப்பார். அது வீணையைவிட மிருதங்கத்தை நன்றாகக் கேட்கும். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை இன்னும் நன்றாகக் கேட்கும். 'வீணை கேட்கல' என்று யாராவது கை காட்டியதும் அவர் ஒலியைக் கூட்டுவார். ஸ்பீக்கரில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து 'கூ' என்று ஊளையிடும். உடனே குறைப்பார். மீதிக் கச்சேரியில் விரல்கள் ஓடுவது தெரியும். ராகம் தெரியாது.

குருவுக்குச் சம்பளம், வருஷக்கணக்கில் சாதகம், வீணையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பயணம், இத்தனையும் அந்த ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும். மறுநாள்தான் வீட்டில் பேச்சு எழும்: "ஒரு பிக்கப் வாங்கி மாட்டிடலாமே?"

மாட்டலாம். எதை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முசிறியிலிருந்து காவிரியின் வடகரையோடு குணசீலம் வழியாகக் கிழக்கே வந்து, கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின் இராப்பத்து நாட்களில், நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்புகிற இரவு வேளையில் வீணை ஏகாந்தம் நடக்கும். மைக் பிறப்பதற்கு வெகு காலம் முந்திய வழக்கம். வீணையின் சத்தத்தைக் கூட்ட அங்கே எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை, சுற்றியிருந்த சத்தம்தான் குறைந்தது. (ஏகாந்தம் என்றால் தனிமை. ஒரே மரத்தில் குடம், தண்டி எல்லாம் குடைந்து செய்த வீணைக்கு ஏகாண்ட வீணை என்று பெயர். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.)

கச்சேரி மண்டபத்தில் அந்த அமைதியைக் கேட்டு வாங்க முடியாது. பஜ்ஜி வாசனையும் செல்போன் மணியும் கூடவே வரும்.

இதே கஷ்டத்தை அமெரிக்காவில் கிட்டார்க்காரர்கள் பட்டார்கள். 1930-களின் ஜாஸ் குழுக்களில் ட்ரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று ஊதுகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். நடுவில் கிட்டார்க்காரர் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருப்பார். தனியாவர்த்தனம் அவருக்குக் கிடையாது, வாசித்தாலும் கேட்காது. 1936-ல் கிப்ஸன் நிறுவனம் இ.எஸ்.150 என்று ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தது. உள்ளே வெற்றிடம் உள்ள பழைய மாதிரிப் பெட்டிதான். ஆனால் தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும். சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதை எடுத்துக்கொண்டு 1939-ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்தார். ஊதுகுழல்களுக்குச் சமமாகக் கிட்டார் தனித்து நின்று பேசியது. 1942-ல், 25 வயதில், அவர் இறந்துபோனார். அவர் திறந்த வழியில்தான் ஜாஸ் கிட்டார் இன்றும் போகிறது.

அந்த 1939 திருச்சிக்காரர்களுக்கும் முக்கியமான ஆண்டு. மே 16-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயருக்குச் சங்கீத கலாநிதி கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

சார்லி கிறிஸ்டியன் கிட்டாரில் இருந்தது காந்த பிக்கப். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புத் தந்தி ஆடினால் காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே சங்கதி, நம் ஊர் மின்நிலைய ஜெனரேட்டரும் அதே தத்துவம்தான். இந்தப் பிக்கப் காற்றைக் கேட்பதில்லை. மிருதங்கத்தை, மின்விசிறியைக் கேட்பதில்லை. தந்தி ஆடுவதை மட்டும் கேட்கிறது.

ஆனால் ஒரு வேண்டாத விருந்தாளியும் கூடவே வருவார். சுவரில் ஓடும் கரண்ட். நம் நாட்டில் அது நொடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறி மாறி ஓடுவது. அந்தக் காந்தப்புலத்தையும் சுருள் பிடித்து 'ம்ம்ம்' என்று முணுமுணுக்கும். சீரியல் செட் விளக்குகள் கட்டிய கோயில் மேடையில் இந்த முணுமுணுப்பு நன்றாகவே கேட்கும். 1955-ல் கிப்ஸனின் பொறியாளர் சேத் லவர் இதற்கு ஒரு வழி செய்தார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு. ஒன்றுக்கு மற்றொன்று எதிர்த்திசையில் சுற்றியது, காந்தமும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் முணுமுணுப்பு இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஓசை மட்டும் இரண்டிலும் ஒரே பக்கமாகச் சேரும். ஹம்பக்கர் என்று பெயர். சப்தம் கொஞ்சம் தடித்து, ஓரங்கள் மழுங்கி வரும். ஜாஸ்காரர்களுக்கு அதுவே பிடித்துப்போனது.

வீட்டில் கிட்டார் வாசிக்கும் பிள்ளை இருந்தால் இன்னொரு வார்த்தையும் காதில் விழுந்திருக்கும், சேம்பர்டு பாடி. முழுப் பெட்டி கிட்டார் ஸ்பீக்கர் பக்கத்தில் ஊளையிடும். முழுக் கட்டை கிட்டார் ஊளையிடாது, ஆனால் தோள் வலிக்கும், ஓசையும் கொஞ்சம் வறண்டு கேட்கும். அதனால் கட்டைக்குள் அங்கங்கே குடைந்து அறைகள் விட்டு, மேலே பலகை போட்டு மூடுகிறார்கள். பலாப்பழச் சுளைகளை எடுத்த பிறகு உள்ளே இருக்கும் குழிகள் மாதிரி. இப்படிப்பட்ட கிட்டாரில் ஜாஸ் வாசிக்க ஆசைப்பட்டால், கழுத்துப் பக்கத்தில் அதிகச் சுற்று இல்லாத, அல்நிகோ காந்தம் வைத்த ஹம்பக்கர் ஒன்று போதும். 'ஹை அவுட்புட்' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது ராக் வாசிப்பவர்களுக்கானது. அது குடைந்த மரத்தின் நுணுக்கத்தையெல்லாம் அமுக்கிவிடும். ஓசை இன்னும் திறந்து, கொஞ்சம் கரகரப்போடு வேண்டுமென்றால் பி-90 என்ற ஒற்றைச் சுருள் வகை. 1946-லிருந்து இருக்கிறது. முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் பிக்கப்பை மாற்றும் முன் தந்தியை மாற்றிப் பார்ப்பது மலிவு. மேல்சுற்று தட்டையாக இருக்கும் ஃப்ளாட்வவுண்ட் தந்தி ஒரு செட் போட்டு, டோன் குமிழைப் பாதி இறக்கினாலே பாதி ஜாஸ் வந்துவிடும். மீதிப் பாதிக்கு சாதகம்தான்.

கிட்டாரில் இவ்வளவு சுலபமாகத் தேறிய காந்தம் நம் சங்கீதத்திலும் ஒரு இடத்தில் அற்புதமாகத் தேறியது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ். சாதாரண மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி, மீட்டியதும் ஓசை செத்துப்போகும். கமகத்துக்கு நேரமே இருக்காது. அவர் கையில் இருந்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். ஓசை நின்று பேசியது, தந்தியை இழுத்து கமகம் வாசிக்க முடிந்தது. 'இது என்ன வெள்ளைக்கார வாத்தியம்' என்று முதலில் முகம் சுளித்தவர்கள்கூட வாசிப்பைக் கேட்டபின் அதைப் பற்றிப் பேசவில்லை. 2014-ல் 45 வயதில் அவர் மறைந்தபோது, எலெக்ட்ரிக் மாண்டலின் கர்நாடக வாத்தியம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் மிச்சமில்லை.

அப்படியானால் வீணைக்கும் காந்தத்தையே வைத்துவிடலாமே?

இங்கேதான் கடைக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முதல் காரணம் தந்தி. வீணையில் வாசிக்கும் தந்திகள் நான்கு. சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பித்தளைத் தந்தி போடுவது பழைய வழக்கம். காந்தத்துக்குப் பித்தளை இருப்பதே தெரியாது. மேல் தந்திகள் இரண்டும் கணீரென்று கேட்கும், கீழே இறங்கினால் வீணை ஊமையாகிவிடும். எஃகின் மேல் கம்பி சுற்றிய தந்தியாக மாற்றினால் இது ஓரளவு சரியாகும். அப்போதும் நான்கும் ஒரே அளவில் கேட்க, காந்தத்தை ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்கி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். மிக நெருக்கமாக வைத்தால் தந்தியின் ஆட்டம் சீக்கிரம் அடங்கிவிடும், சுருதியும் லேசாக அலையும். ஒரு மீட்டில் நான்கைந்து ஸ்வரம் இழுத்து வாசிக்கிற வாத்தியத்தில் ஓசை நீடிப்பதுதான் உயிர். அதைத் திருடுகிற கருவியைத் தந்திக்கடியில் வைப்பதா?

மூன்றாவதுதான் பெரிய காரணம். காந்தம் தந்தியை மட்டும் கேட்கிறது. ஸ்ரீனிவாஸின் மாண்டலினில் தந்தியைத் தவிரக் கேட்பதற்கு வேறொன்றும் பெரிதாக இல்லை. கட்டை பேசாது. வீணையில் தந்தி பாதி, மரம் பாதி. குதிரையின் மேல் பதித்த உலோகத் தகட்டின் லேசான வளைவில் தந்தி உரசி எழுப்பும் அந்த ரீங்காரம், பலாமரக் குடம் சேர்த்துக்கொடுக்கும் கார்வை, இதெல்லாம் சேர்ந்தால்தான் தஞ்சாவூர் வீணை. 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்தது அந்த மரவேலைக்குத்தான். காந்த பிக்கப் வைத்த வீணையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சில சமயம் கிட்டார் என்றே தோன்றும். ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்வது இதனால்தான். கமகமெல்லாம் சரியாக இருக்கும், குரல் மட்டும் வேறு யாருடையதோ.

மரத்தைக் கேட்பதற்கு இன்னொரு வகை இருக்கிறது. வித்வான்கள் காண்டாக்ட் மைக் என்று சொல்வது. உள்ளே பீசோ என்ற சில்லு. சில பொருட்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் கண்டுபிடித்தார்கள். கேஸ் லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறதே, அதுவும் இந்த வித்தைதான். அந்தச் சில்லைப் பலகையில் ஒட்டினால் பலகை அதிர அதிர மின்சாரம் கொடுக்கும். தந்தி பித்தளையா எஃகா என்று அது கேட்காது. நான்கு தந்தியும் சமம்.

வெறும் சில்லு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். பெட்டியும் ஒயரும் பெயரும் சேர்ந்தால் பல ஆயிரம். நடுவில் இருக்கும் வித்தியாசம் ஏமாற்று மட்டும் அல்ல. ஆனால் பல ஆயிரம் கொடுத்து வாங்கியதும் சில நேரம் தகர டப்பா மாதிரி ஒலிக்கும். அதற்கு முக்கால்வாசி காரணம் பிக்கப் இல்லை, அதை எதில் சொருகுகிறார்கள் என்பது.

இதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம். 2½ கட்டை சுருதி வைத்தால் சாரணி சுமார் 155 ஹெர்ட்ஸ். பஞ்சமம் 117. மந்தரம் 78. அனுமந்தரம் 60-க்கும் கீழே. பீசோ சில்லு மின்சாரத்தின் பார்வையில் ஒரு சின்ன கண்டென்சர். மிக்சரின் சாதாரண லைன் இன்புட் அதன் மேல் ஒரு சுமையை ஏற்றும், பொதுவாக 10,000 ஓம் அளவில். கட்டைவிரல் அகலச் சில்லு ஒன்றை நேரே அதில் சொருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசையெல்லாம் தேய ஆரம்பிக்கும். நான்கு தந்தியின் அடிநாதமும் அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது! மிஞ்சுவது நகம் உரசுவதும், மெட்டில் விரல் வழுக்குவதும், மேலே உள்ள கிண்கிணியும். தகர டப்பா இப்படித்தான் பிறக்கிறது.

அதற்கு நடுவில் ஒரு ப்ரீ-ஆம்ப் வேண்டும், குறைந்தது 10 லட்சம் ஓம் இன்புட் உள்ளது. அட்டையில் 1 மெகா ஓம் என்று போட்டிருக்கும். அதே சில்லு, அதே வீணை, எல்லை 800-லிருந்து 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், சுமாரான சில்லும் நல்ல ப்ரீ-ஆம்ப்பும் வாங்குவது புத்திசாலித்தனம். உயர்ந்த பிக்கப் வாங்கி நேரே மிக்சரில் சொருகுவது, பட்டுப்புடவை எடுத்துக் கொடியில் மழையில் விட்ட கதை.

ஒட்டும் இடம் அடுத்த சங்கதி. பலகையில் ஒரு அங்குலம் தள்ளினால் வேறு வீணை. ஓரத்தில் வைத்தால் உலர்ந்து கேட்கும். குதிரைக்கு மிக நெருக்கத்தில் வைத்தால் மீட்டும் சத்தம் ஆணியடிப்பது போல் முன்னே வரும். நடுப்பலகையில் குடம் உறுமும். எது சரி என்பது அந்த வீணையின் பலகைக் கனத்தைப் பொறுத்தது. ஆகவே நிரந்தரமாக ஒட்டும் முன் ஒரு வாரமாவது பிசின் உருண்டையால் தற்காலிகமாக ஒட்டி, இடம் மாற்றி மாற்றி வாசித்து, யாராவது ஒருவர் ஸ்பீக்கர் பக்கம் போய் நின்று கேட்க வேண்டும். வாசிப்பவர் காதுக்கு எப்போதும் நேரடிச் சத்தமும் சேர்ந்து கேட்பதால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்பாவோ பாட்டியோ எழுந்து போய் நிற்கட்டும். ஒன்று கவனிக்க: பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகளுக்குக் கிட்டே போனால் தாளம் மட்டும் ஊரைக் கூட்டும்.

காண்டாக்ட் மைக்கிடமும் குறை இல்லாமல் இல்லை. மரத்தில் எது பட்டாலும் அதற்குக் காதில் விழும். வளையல் தட்டினால் இடி. புடவைத் தலைப்பு உரசினால் புயல். மேடையில் வாசிப்பவருக்காக வைக்கும் சின்ன ஸ்பீக்கர் குடத்தைப் பார்த்திருந்தால் பலகை தானாகவே அதிர்ந்து பழையபடி ஊளை. அதைத் தள்ளி, சுரைக்காய்ப் பக்கம் திருப்பி வைத்தால் பாதி தீரும். இன்னொரு மாற்றம் நல்லதா கெட்டதா என்பது ஆளுக்கு ஆள் மாறும்: ஓங்கி மீட்ட வேண்டியதில்லை. மெல்லத் தொட்டாலே மண்டபம் நிறைந்துவிடும். அதனால் ஒரே மீட்டில் நீளமாக இழுத்து, பாட்டுப் பாடுவது போலவே வாசிக்க முடிகிறது. இன்றைய வீணையின் வழவழப்பில் ஒரு பங்கு காண்டாக்ட் மைக்குக்குச் சேர வேண்டியது. அதே காரணத்தால், மீட்டின் அழுத்தத்தில் இருந்த ஆண்மையான நாதம் போய்விட்டது என்று முதியவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் உண்டு. ஒலியின் பெரும்பகுதியைக் காண்டாக்ட் மைக்கிலிருந்து எடுத்துக்கொண்டு, குடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சாதாரண மைக் ஒன்றையும் வைத்து அதிலிருந்து கொஞ்சம் கலப்பது. உடம்பு ஒன்றிலிருந்து, மூச்சு மற்றொன்றிலிருந்து. கலந்ததும் ஓசை பெருகாமல் மெலிந்துபோனால் பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றை ஒன்று அழிக்கின்றன என்று அர்த்தம். ஹம்பக்கரில் முணுமுணுப்பு செத்ததே, அதே கூத்து, இப்போது வேண்டாத இடத்தில். மைக்கை நாலு விரற்கடை முன்னே பின்னே நகர்த்தினால் சரியாகும்.

கடைசியாக மைக் செட்காரர். முணுமுணுப்பு கேட்டதும் பழக்கத்தில் அவர் கை 'லோ' குமிழுக்குப் போகும், அல்லது 'லோ-கட்' பொத்தானை அமுக்குவார். கரண்டின் முணுமுணுப்பு 50 ஹெர்ட்ஸ், அனுமந்தரம் 58 சொச்சம். ஒன்றை வெட்டினால் மற்றதும் சேர்ந்து போகும். "அண்ணே, அதை மட்டும் தொடாதீங்க, ஒயரை வேற பிளக்குல போட்டுப் பாப்போம்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. முணுமுணுப்பு பெரும்பாலும் எர்த் கோளாறு. சீரியல் செட் ஓடும் லைனைவிட்டு வேறு லைனில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டாலே பாதி நேரம் அடங்கிவிடும். கச்சேரிக்கு முன் சோதிக்கும்போது எல்லோரும் சாரணியில் நாலு ஸ்வரம் வாசித்துவிட்டு 'சரி' என்பார்கள். அனுமந்தரத்தை ஒரு முறை திறந்து மீட்டி, அது அடங்கும்வரை காத்திருந்து கேட்டால் மொத்தக் குட்டும் வெளிப்பட்டுவிடும்.

துளை போடுவது பற்றி ஒரு வார்த்தை. பிக்கப்பை உள்ளே வைத்து, குடத்தின் பக்கத்தில் ஓட்டை போட்டு ஜாக் பொருத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். புது ஒட்டு வீணையில் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். பாட்டி வாசித்த ஏகாண்ட வீணையில் வேண்டவே வேண்டாம். இன்று உள்ளே வைக்கும் சில்லு பத்து வருஷத்தில் பழசாகிவிடும், ஓட்டை ஆகாது. கிட்டார் உலகத்தில் ஐம்பதுகளின் நல்ல நல்ல கிட்டார்களைப் புது மோஸ்தர் பிக்கப்புக்காகக் குடைந்துவிட்டு, இப்போது குடையாததைத் தேடி அலைகிறார்கள். வெளியில் ஒட்டி எடுக்கும் வகையிலேயே இன்று தரமானவை இருக்கின்றன. மேடையிலிருந்து இறங்கியதும் கழற்றி வைத்துவிட்டால், மறுநாள் காலை சாதகத்துக்கு வீணை பழைய வீணை.

ப்ரீ-ஆம்ப்புக்குள் 9 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். தீரப்போகிறது என்று அது முன்னறிவிப்பு தராது, தானம் நடுவில் கரகரக்க ஆரம்பிக்கும். ஜாக்கைச் சொருகியே வைத்திருந்தால் பெட்டிக்குள் இருக்கும்போதும் தீர்ந்துகொண்டிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சதுர பேட்டரியைத் தேடிக் கடைத்தெருவில் அலைய முடியாது. வீணை உறைக்குள், மீட்டுக்கும் தந்திச் சுருளுக்கும் பக்கத்தில், ஒன்று கூடுதலாகக் கிடக்கட்டும்.